திறன்பேசிக்கு ஏற்ற துணைக்கருவிகள்

சிலாங்கூர் மாநிலத்தின் உலு லங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ளது செமினி. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களால் சூழப்பட்டிருந்த இவ்வூர், இன்று வீடமைப்புப் பகுதிகள் நிறைந்த பட்டணமாக வளர்ந்துவிட்டது. 2005ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் இங்கு வந்து சேர்ந்தது. ஆனால், இரயில் நிலையம் மட்டும் வரவில்லை. கோலாலம்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ செல்லும் செமினிவாசிகளில் பலர் முதலில் காஜாங் சென்று, 2017ஆம் ஆண்டு ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்ட பெருவிரைவு இரயிலைப் பிடிக்கின்றனர்.

காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவில் திரும்பும்வரை இவர்களின் கையைவிட்டு அகலாதது திறன்பேசி. பேருந்து எப்போது வரும் என்று பார்ப்பதும், மதிய உணவுக்குக் கியூஆர் குறியீட்டின்வழிப் பணம் செலுத்துவதும், பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் புலனச் செய்தியைப் படிப்பதும் அதில்தான். மாலையில் காஜாங் நிலையத்தில் இறங்கும்போது மின்கலம் தீர்ந்துபோயிருந்தால், மின்னழைப்பு வாடகைக் காரை அழைக்க முடியாது. வீட்டாருக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. எனவே, திறன்பேசியோடு சேர்த்து வாங்கும் உறை, மின்னூட்டி, பவர் பேங்க் போன்றவற்றை வெறும் அலங்காரப் பொருள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்காகக் கடைக்காரர் நீட்டுவதை எல்லாம் வாங்கினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும்.

இத்தகைய பொருள்கள் இரவுச் சந்தையில் ஐந்து ரிங்கிட்டிற்கும் கிடைக்கின்றன. புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் வணிக வளாகத்தில் முந்நூறு ரிங்கிட்டிற்கும் கிடைக்கின்றன. இணையக் கடைகளிலோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா விலைகளிலும் உண்டு. விலையை மட்டும் வைத்து எது தரமானது என்று முடிவு செய்ய இயலாது. ஒவ்வொரு பொருளும் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஓரளவு அறிந்துகொண்டால் தேர்வு எளிதாகும்.

முதலில் கவனிக்க வேண்டியது மின்னூட்டி. துணைக்கருவிகளுள் உயிருக்கே உலை வைக்கக்கூடியது இதுதான். முன்பெல்லாம் புதிய திறன்பேசியின் பெட்டியிலேயே மின்னூட்டியும் இருக்கும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஐபோன் 12 வெளியிடப்பட்டபோது ஆப்பிள் நிறுவனம் அவ்வழக்கத்தை நிறுத்தியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சாம்சுங் நிறுவனமும் தன் எஸ்21 வரிசையில் அதையே பின்பற்றியது. அதன் பிறகு மின்னூட்டியைத் தனியாக வாங்கும் தேவை பலருக்கு ஏற்பட்டது. மலிவான போலிகளுக்கும் இது வாய்ப்பாகிவிட்டது.

நம் வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகுவாயில் ஏறத்தாழ 230 வோல்ட் மின்னழுத்தம் இருக்கிறது. திறன்பேசிக்குத் தேவைப்படுவதோ 5 முதல் 20 வோல்ட்வரை மட்டுமே. மின்னூட்டி இவ்வழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. அதன் உள்ளே உயர் அழுத்தப் பகுதிக்கும் தாழ் அழுத்தப் பகுதிக்கும் இடையில் மின்சாரம் கடக்காத காப்புப் பொருளும் போதிய இடைவெளியும் இருக்க வேண்டும். போலி மின்னூட்டிகளில் செலவைக் குறைப்பதற்காக இவை இரண்டும் சுருக்கப்படுகின்றன. காப்புப் பொருள் பழுதடைந்தால் 230 வோல்ட்டும் வடத்தின் வழியாகத் திறன்பேசிக்கும், அதைப் பிடித்திருப்பவரின் கைக்கும் வந்துவிடும். 2016ஆம் ஆண்டில் 400 போலி ஆப்பிள் மின்னூட்டிகள் சோதிக்கப்பட்டன. மின்தாக்குதலிலிருந்து காக்கும் அளவுக்குக் காப்பு இருந்தவை அவற்றுள் மூன்றே மூன்று! வெளித்தோற்றத்தில் அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு காண்பது கடினம். எடை மிகக் குறைவாக இருப்பதும், எழுத்துப் பிழைகள் இருப்பதும், முனைகள் செருகுவாயில் சரியாகப் பொருந்தாததும் சில அடையாளங்கள்.

மலேசியாவில் விற்கப்படும் மின்னூட்டிகளுக்கு எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பொருளில் சிரிம், எரிசக்தி ஆணையம் ஆகியவற்றின் முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். முத்திரையில்லாத மின்னூட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.

இங்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையம்வழி வாங்கும் மின்னூட்டிகள் பலவற்றில் இரண்டு முனைகள்தான் இருக்கும். நம் செருகுவாய்க்கோ மூன்று துளைகள். மேலே உள்ள துளை நிலத்தொடுப்புக்கு உரியது. மூன்று முனைச் செருகியில் இந்த முனை சற்று நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது முதலில் உள்ளே சென்று, கீழே உள்ள இரு துளைகளையும் மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கிறது. குழந்தைகள் ஊசியையோ கம்பியையோ கீழ்த் துளைகளில் நுழைக்காமல் காக்கவே இந்தத் தடுப்பு. பலர் மேல்துளையில் பேனாவைச் செருகித் தடுப்பைத் திறந்துவிட்டு, இரண்டு முனைச் செருகியை அழுத்திப் பொருத்துகின்றனர். அவ்வாறு பொருத்தினால் தொடுகை தளர்வாக இருக்கும். தளர்ந்த இடத்தில் தீப்பொறி பறக்கும், சூடேறும். மூன்று முனைச் செருகிக்குள் இருக்கும் உருகிக் கம்பியின் பாதுகாப்பும் கிடைக்காது. தரமான மாற்றுச் செருகி ஒன்றைச் சில ரிங்கிட்டிற்கு வாங்கிவிடலாம். அந்தச் செலவை மிச்சப்படுத்தி என்ன பயன்?

மின்னூட்டியின் ஆற்றல் வாட் என்ற அலகில் குறிக்கப்படுகிறது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். 65 வாட் மின்னூட்டியை 18 வாட் மட்டும் ஏற்கும் திறன்பேசியில் பொருத்தினால் அது கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தரமான மின்னூட்டியில் அந்த அச்சம் தேவையில்லை. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் திறன்பேசியே மின்னூட்டியிடம் கேட்டுப் பெறுகிறது. மடிக்கணினிக்கும் திறன்பேசிக்கும் ஒரே மின்னூட்டியைப் பயன்படுத்தும் பல்கலைக்கழக மாணவருக்கு 65 வாட் மின்னூட்டி ஒன்று போதும். திறன்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு.

இணைப்பு வடத்தின் நிலை இப்போது எளிதாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் திறன்பேசிகளில் யூ.எஸ்.பி. சி வகைத் துளையைக் கட்டாயமாக்கியது. ஆப்பிள் நிறுவனம் அதற்கு முன்பே, 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஐபோன் 15 முதல் அதற்கு மாறிவிட்டது. அம்மாவின் திறன்பேசிக்கு ஒரு வடம், அண்ணனின் திறன்பேசிக்கு வேறொரு வடம் என்று தேடி அலைந்த நிலை மெல்ல மறைந்து வருகிறது. ஆனாலும், துளை ஒன்றாக இருப்பதால் எல்லா வடங்களும் ஒன்றாகிவிடா. சாதாரண சி வகை வடம் 3 ஆம்பியர்வரை, அதாவது 60 வாட்வரை தாங்கும். அதற்கு மேல் செலுத்த வேண்டுமானால் வடத்தின் தலைப்பகுதியில் சிறிய சில்லு ஒன்று பதிக்கப்பட்டிருக்க வேண்டும். சில மலிவு வடங்களில் தகவல் கடத்தும் கம்பிகளே இருப்பதில்லை. மின்னூட்டத்திற்கு மட்டும் உதவும் அவற்றைக் கொண்டு படங்களைக் கணினிக்கு மாற்ற முடியாது.

அடுத்தது, நீண்ட பயணம் செல்வோருக்கு மிகவும் தேவைப்படும் பவர் பேங்க். பொய்யான எண்கள் மிகுதியாக அச்சிடப்படும் பொருளும் இதுவே. இதன் கொள்ளளவு மில்லி ஆம்பியர் மணி என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 10,000 என்று எழுதியிருந்தால், 5,000 கொள்ளளவுள்ள திறன்பேசியை இருமுறை நிரப்பலாம் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. உள்ளே இருக்கும் இலித்தியம் மின்கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட். 10 ஆம்பியர் மணியை 3.7ஆல் பெருக்கினால் 37 வாட் மணி ஆற்றல் கிடைக்கும். அழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. எஞ்சுவது ஏறக்குறைய 30 வாட் மணிதான். 5,000 கொள்ளளவுள்ள திறன்பேசி ஒன்றுக்கு ஏறத்தாழ 19 வாட் மணி தேவைப்படும். ஆகவே, ஒன்றரை முறை நிரம்பினால் அது நல்ல பவர் பேங்க் என்று கொள்ளலாம். நேர்மையான நிறுவனங்கள், மின்கலத்தின் கொள்ளளவோடு, உண்மையில் வெளியே வரும் அளவையும் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. வாங்குபவர் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

போலியைக் கண்டறிய எளிய வழி ஒன்றும் உண்டு. பவர் பேங்கைத் தராசில் வைத்தால் போதும். பல பவர் பேங்குகளில் உருளை வடிவ மின்கலங்கள் இருக்கின்றன. பரவலாகப் பயன்படும் அளவுள்ள ஒரு மின்கலம் மிஞ்சிப்போனால் 3,500 மில்லி ஆம்பியர் மணிவரை கொள்ளும்; அதன் எடை 45 முதல் 50 கிராம்வரை இருக்கும். 20,000 கொள்ளளவுக்கு அத்தகைய மின்கலங்கள் ஆறாவது தேவை. அவற்றின் எடை மட்டுமே 300 கிராமை எட்டும். உள்ளங்கைக்குள் அடங்கி, 150 கிராம் எடையோடு 30,000 அல்லது 50,000 என்று பெருமை பேசும் பவர் பேங்க், விலை என்னவாக இருந்தாலும், பொய் சொல்கிறது. இத்தகைய சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், எடை கூடுவதற்காக உள்ளே மணல் நிரப்பப்பட்டிருந்ததையும் கண்டுள்ளனர்.

பொய் எண்ணால் போவது பணம் மட்டும். தரமற்ற மின்கலத்தால் வருவது தீ. இலித்தியம் மின்கலத்தின் உள்ளே நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம். உற்பத்திக் குறையாலோ, கீழே விழுந்து நசுங்கியதாலோ அப்படலம் கிழிந்தால் உள்ளேயே மின்சுற்று குறுகி வெப்பம் பெருகும். அந்த வெப்பம் மேலும் வெப்பத்தை உண்டாக்க, சில நொடிகளில் தீப்பிடிக்கும். பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2016ஆம் ஆண்டில் சாம்சுங் நிறுவனம் கேலக்சி நோட் 7 திறன்பேசிகளைத் திரும்பப் பெற்று, இறுதியில் அதன் உற்பத்தியையே நிறுத்தியது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். பயணப்பெட்டி அடுக்கில் இருந்த பவர் பேங்கே காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது.

அதன் பிறகு பல விமான நிறுவனங்கள் விதிகளைக் கடுமையாக்கின. மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரல் முதல் பவர் பேங்கைத் தலைக்கு மேல் உள்ள அடுக்கில் வைக்கக்கூடாது. பயணத்தின்போது பயன்படுத்தவும் கூடாது. சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. 100 வாட் மணிவரை உள்ளவற்றைக் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் 160 வாட் மணிவரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்பது 74 வாட் மணி. 27,000 என்பது ஏறத்தாழ 100 வாட் மணி. விடுமுறைக்குச் சென்னைக்கோ பினாங்கிற்கோ பறக்க நினைப்பவர் இக்கணக்கை வாங்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது. அன்றாடம் காஜாங்வழிக் கோலாலம்பூர் சென்று வருபவருக்கு 10,000 போதும். அதற்கு மேல் என்றால் பைதான் கனக்கும்.

பவர் பேங்கைத் தலையணைக்கு அடியிலோ, வெயிலில் நிற்கும் காரிலோ வைக்கக்கூடாது. வயிறு உப்பியதுபோல் வீங்கிய பவர் பேங்கை ஒரு முறைகூடப் பயன்படுத்தக்கூடாது.

உறைக்கும் திரைக் கண்ணாடிக்கும் விளம்பரச் சொற்களே எதிரி. கைதவறி விழும் திறன்பேசி பெரும்பாலும் மூலையில்தான் அடிபடும். மென்மையான பொருளாலான உறை, மோதல் நேரத்தைச் சற்று நீட்டித்து விசையைக் குறைக்கிறது. அறிவியல் பாடத்தில் வரும் உந்த மாற்றம்தான் இது. ஆகவே, மூலைகள் தடித்தும், திரையைவிட விளிம்பு ஒரு மில்லிமீட்டராவது உயர்ந்தும் உள்ள உறை நல்லது. சில உறைகளில் அமெரிக்க இராணுவச் சோதனையில் தேறியது என்று எழுதப்பட்டிருக்கும். அச்சோதனை முறையில் பொருளை 1.22 மீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுகின்றனர். ஆனால், அது விழுவது ஒட்டுப்பலகையின்மீது, தார்ச்சாலையின்மீது அன்று. மேலும், இராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. உற்பத்தியாளரே சோதித்து, உற்பத்தியாளரே அறிவித்துக்கொள்கிறார்.

திரைக் கண்ணாடியில் காணப்படும் 9எச் என்ற குறியும் அப்படித்தான். பலர் இதை வைரத்திற்கு 10 என்று மதிப்பிடும் மோஸ் கடினத்தன்மை அளவு என்று நினைத்துக்கொள்கின்றனர். உண்மையில் இது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் கீறல் விழவில்லை என்பதே இதன் பொருள். மோஸ் அளவில் கண்ணாடி 6ஐ ஒட்டி இருக்கும். மணலில் உள்ள குவார்ட்சோ 7. அதனால்தான் சட்டைப்பையில் இருக்கும் சாவி பெரும்பாலும் கீறுவதில்லை. அதே பையில் ஒட்டியிருக்கும் மணல் துகள் கீறிவிடுகிறது. எனினும், பத்துப் பதினைந்து ரிங்கிட் கண்ணாடி ஒன்று தான் உடைந்து, பல நூறு ரிங்கிட் திரையைக் காப்பாற்றுவதால் அதை ஒட்டிக்கொள்வதில் தவறில்லை. திரைக்கு அடியில் விரல்ரேகை உணரி உள்ள திறன்பேசிக்குப் பொருத்தமான கண்ணாடிதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

செமினியிலும் காஜாங்கிலும் மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகிக்கும் இளைஞர்கள் பலர். வழிகாட்டும் வரைபடத்தைப் பார்க்க அவர்கள் திறன்பேசியைக் கைப்பிடியில் பொருத்துகின்றனர். தாங்கி இறுக்கமாகப் பிடித்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், இறுக்கமான உலோகத் தாங்கி இயந்திரத்தின் அதிர்வு முழுவதையும் திறன்பேசிக்குக் கடத்துகிறது. படம் அசையாமல் இருக்கக் கேமராவின் வில்லையைத் தாங்கி நிற்கும் நுண்பகுதிகள் இதனால் பழுதடையலாம் என்று 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வை உறிஞ்சும் ரப்பர்ப் பகுதி கொண்ட தாங்கியை வாங்கலாம். அல்லது கேமரா எப்படிப் போனாலும் கவலையில்லாத பழைய திறன்பேசியை அதற்கு ஒதுக்கிவிடலாம். இரண்டாவது வழியே சிக்கனமானது.

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் துணைக்கருவிகள் இப்போது பெருகியுள்ளன. இவற்றை வாங்குமுன் வீட்டில் இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர் இருக்கிறாரா என்று யோசிக்க வேண்டும். காந்தம் உள்ள திறன்பேசியையும் அதன் துணைக்கருவிகளையும் அக்கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும், கம்பியில்லா மின்னூட்டத்தின்போது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும் ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. சட்டைப்பையில் திறன்பேசியை வைத்துக்கொள்ளும் தாத்தாவுக்கு இதை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இயர்போனைப் பொறுத்தவரை, ஓசையைத் தடுத்துக் காதில் பொருந்துவதே பயணத்திற்கு ஏற்றது. இரயிலின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டிய நிலை வந்தால் ஒலியைக் கூட்டத்தான் கை போகும். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறார்க்கு அந்த வரம்பு 75. மூன்று டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். விரலில் மாட்டும் வளையம், பளபளக்கும் தொங்கட்டான், கேமராவின்மேல் ஒட்டும் கல் பதித்த சட்டம் முதலியவை அவரவர் விருப்பம். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எந்தப் பொருளை வாங்கினாலும் இரசீதை வைத்திருக்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் விற்பனையாளரின் பெயர், வணிகப் பதிவு எண், தொடர்பு விவரம் ஆகியவை பக்கத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவற்றை வெளியிடுவது சட்டப்படி அவரது கடமை. சொன்ன தரம் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கும் கடைக்காரர்மீது, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட்வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது.

பழையன கழியும்போது அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது. மலேசியச் சட்டப்படி மின்னியல் கழிவு திட்டமிட்டு அகற்ற வேண்டிய கழிவு வகையைச் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னியல் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. வீங்கிய பவர் பேங்க் குப்பை வண்டியில் நசுக்கப்பட்டால் வண்டியே தீப்பற்றும். அதை மற்றப் பொருள்களோடு சேர்க்காமல், தீப்பிடிக்காத பாத்திரத்தில் தனியே வைத்து, மின்னியல் கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.